தி ஹேப்பி பிரின்ஸ்: திரையில் ஆஸ்கார் வைல்டின் இறுதி ஆண்டுகள்

‘தி ஹேப்பி பிரின்ஸ்’ 2018இல் வெளியான ஆங்கிலத் திரைப்படம். ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் சிறையிலிருந்து விடுதலையான 1897 மே மாதம் தொடங்கி, பாரிஸில் ஒரு மலிவான விடுதி அறையில் இறந்த 1900 நவம்பர் வரையிலான மூன்றரை ஆண்டுகளே அதன் கதை. ரூப்பர்ட் எவரெட் எழுதி, இயக்கி, வைல்டாக நடித்தார். இயக்குநராக அவருக்கு இது முதல் படம். பிரிட்டன், ஜெர்மனி, பெல்ஜியம், இத்தாலி ஆகிய நாடுகளின் கூட்டுத் தயாரிப்பான இப்படம் 2018 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. அடுத்த மாதம் பெர்லின் விழாவில் இடம்பெற்று, ஜூனில் பிரிட்டன் திரையரங்குகளுக்கு வந்தது.

வைல்டின் வாழ்க்கை இதற்கு முன்பும் படமாகியிருக்கிறது. 1960ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் ராபர்ட் மார்லியும் மற்றொன்றில் பீட்டர் ஃபிஞ்சும் வைல்டாக நடித்தார்கள். 1997இல் பிரையன் கில்பர்ட் இயக்கிய ‘வைல்ட்’ படத்தில் ஸ்டீஃபன் ஃப்ரை நடித்தார். புகழின் உச்சியில் இருந்த ஒரு நாடகாசிரியர் நீதிமன்றக் கூண்டில் வீழ்வதே இப்படங்களின் மையம். சிறைக்குப் பிந்தைய காலம் கடைசிச் சில நிமிடங்களில் அடங்கிவிடும். எவரெட்டின் படம் அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுகிறது. வழக்கும் புகழும் சாகும் மனிதனின் நினைவில் துண்டுதுண்டாக வந்துபோகின்றன. மற்றவர்கள் பின்னுரையாகக் கருதிய பகுதி இங்கே முழுக் கதையாகிறது. நீதிமன்றம் விதித்தது 2 ஆண்டுத் தண்டனை. அதற்குப் பிறகான மூன்றரை ஆண்டுகளின் தண்டனையை எந்த நீதிபதியும் விதிக்கவில்லை. ஆனாலும் அது நிறைவேற்றப்பட்டது. படத்தின் வலு இந்த உண்மையைக் காட்டுவதில் இருக்கிறது.

வழக்கின் பின்னணி சுருக்கமாக இது. 1885ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம், சிறுமிகளைப் பாதுகாக்கவும் பாலுறவுக்கு இசையும் வயதை 13இலிருந்து 16ஆக உயர்த்தவும் கொண்டுவரப்பட்டது. விவாதத்தின் பிற்பகுதியில் ஹென்றி லபூஷேர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அதில் 11ஆம் பிரிவைச் சேர்த்தார். ஆண்கள் இருவருக்கிடையே நிகழும் ‘கடும் ஒழுக்கக்கேடு’, பொது இடத்தில் நிகழ்ந்தாலும் தனியறையில் நிகழ்ந்தாலும், 2 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்றது அப்பிரிவு. எது ஒழுக்கக்கேடு என்று சட்டம் வரையறுக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து வைல்ட் அதில் சிக்கினார். அவருடைய நெருங்கிய தோழர் ஆல்ஃபிரட் டக்ளஸின் தந்தை குயின்ஸ்பெரி பிரபு, 1895 பிப்ரவரி 18 அன்று ஒரு மன்றத்தில் அவமதிப்பான வாசகம் எழுதிய அட்டையை வைல்டுக்காக விட்டுச் சென்றார். வைல்ட் அவதூறு வழக்குத் தொடுத்தார். வழக்கு அவருக்கே எதிராகத் திரும்பியது. ஏப்ரல் 5 அன்று கைதானார். முதல் விசாரணையில் நடுவர்களிடையே ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. இரண்டாம் விசாரணையின் முடிவில், மே 25 அன்று, கடின உழைப்புடன் கூடிய 2 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சட்டம் அனுமதித்த உச்சபட்சத் தண்டனை அதுதான். ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னெஸ்ட்’ நாடகம் அரங்கேறி அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை.

பென்டன்வில், வாண்ட்ஸ்வொர்த், ரெடிங் என மூன்று சிறைகளில் அவர் காலம் கழிந்தது. ரெடிங் சிறைக்கு மாற்றப்பட்ட நாளில், கிளாப்ஹாம் சந்திப்பு ரயில் நிலைய மேடையில் கைதி உடையில் கைவிலங்குடன் அரைமணி நேரம் நிறுத்தப்பட்டார். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது. அந்த அரைமணி நேரம் தன்னை எவ்வளவு காலம் துரத்தியது என்பதை வைல்ட் சிறையிலிருந்து டக்ளஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார். பிற்காலத்தில் ‘டி ப்ரொஃபண்டிஸ்’ என்ற பெயரில் நூலானது அக்கடிதமே. படமும் இந்தக் காட்சியை நினைவின் அடியாழத்திலிருந்து மேலெழும் காயமாக அமைக்கிறது. அந்த நிலையத்தில் வைல்டுக்கு நினைவுப் பலகை வைக்கப்பட்டது 2019இல்தான்.

1897 மே 19 அன்று வைல்ட் விடுதலையானார். அன்றிரவே நியூஹேவன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, மறுநாள் அதிகாலை பிரான்சின் தியெப் நகரில் இறங்கினார். நண்பர்கள் ராபர்ட் ராஸும் ரெஜினால்ட் டர்னரும் கரையில் காத்திருந்தார்கள். அதன்பின் அவர் இங்கிலாந்துக்கோ அயர்லாந்துக்கோ திரும்பவேயில்லை. பிரான்சைத் தேர்ந்தெடுத்ததற்கு மொழிப்பற்று ஒரு காரணம். ‘சலோமே’ நாடகத்தை அவர் பிரெஞ்சிலேயே எழுதியிருந்தார். அதைவிட முக்கியமான காரணம் சட்டம். புரட்சிக்குப் பிந்தைய பிரான்ஸ் 1791லேயே ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இத்தாலியிலும் 1890இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம் அப்படியே செய்தது. இங்கிலாந்தில் வாழ முடியாத பலர் அந்தக் காலத்தில் தெற்கு நோக்கிப் போனதற்கு இதுவே காரணம்.

கடல் கடந்ததும் அவர் புதுப் பெயர் சூடிக்கொண்டார்: செபாஸ்டியன் மெல்மோத். அம்புகளால் துளைக்கப்பட்ட கிறிஸ்தவப் புனிதரின் பெயர் முற்பாதி. பிற்பாதி, அவருடைய தாய்வழி உறவினரான சார்லஸ் மட்டூரின் எழுதிய நாவலில் உலகெங்கும் அலையும் சபிக்கப்பட்ட மனிதனின் பெயர். மனைவி கான்ஸ்டன்ஸும் இரு மகன்களும் முன்பே ஹாலண்ட் என்ற குடும்பப் பெயருக்கு மாறியிருந்தார்கள். ஒரே வீட்டில் வாழ்ந்த நால்வரில் எவரும் வைல்ட் என்ற பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாத நிலை. லண்டன் அரங்குகள் 1895 வழக்கின்போதே விளம்பரங்களிலிருந்து அவர் பெயரை மறைத்தன. 1899இல் அவருடைய இரண்டு நாடகங்கள் நூலாக வந்தபோதும் அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை. ‘லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்’ நாடகத்தை எழுதியவர் என்ற குறிப்பு மட்டுமே இருந்தது.

தியெப்பில் ஆங்கிலேயர் நடமாட்டம் அதிகம். ஆகவே அங்கே அவர் நிம்மதியாக இருக்க முடியவில்லை. நார்வே ஓவியர் ஃப்ரிட்ஸ் தௌலோவ் போன்ற சிலர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து விருந்தளித்தார்கள். மற்றவர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். படத்தில் ஆங்கில இளைஞர் கும்பல் ஒன்று வைல்டையும் நண்பர்களையும் தெருத்தெருவாகத் துரத்தி ஒரு தேவாலயத்துக்குள் மடக்குகிறது. புறக்கணிப்பு என்ற மெல்லிய வன்முறையை எவரெட் கண்ணுக்குத் தெரியும் வன்முறையாக மாற்றிக் காட்டும் இடம் இது. வைல்ட் அங்கே அவர்களை எதிர்கொண்டு திருப்பித் திட்டும்போது, விருந்து மேசைகளின் நகைச்சுவையாளர் மறைந்து, அடிபட்டுச் சினந்த ஒரு பெரிய உடல் மட்டுமே நிற்கிறது. நடிகராக எவரெட்டின் மிகச் சிறந்த கணங்களில் இது ஒன்று.

தியெப்புக்கு அருகே கடலோரத்தில் பெர்னேவல் என்ற சிற்றூர். 1897 கோடையை வைல்ட் அங்கே கழித்தார். இந்த நாடுகடந்த வாழ்வில் அவர் ஒரு எழுத்தாளராக முழுமையாக வாழ்ந்த மாதங்கள் அவை. வந்திறங்கிய வாரத்திலேயே ‘டெய்லி கிரானிக்கிள்’ நாளிதழுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ரெடிங் சிறையில் தாமஸ் மார்ட்டின் என்ற காவலர், பசியால் அழுத ஒரு சிறு குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்ததற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு, ஆங்கிலச் சிறைகளில் குழந்தைகள் தனியறையில் அடைக்கப்படுவதையும், பசியையும், வயிற்றுப்போக்கையும், மனநலம் குன்றியவர்கள் அடிக்கப்படுவதையும் வைல்ட் விவரித்தார். 1898 மார்ச்சில், சிறைச் சீர்திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்த வேளையில், இரண்டாவது கடிதம் எழுதினார். அழகுக்காக மட்டுமே வாழ்ந்தவர் என்று இகழப்பட்ட ஒருவர் எழுதிய மிகத் தெளிவான, மிகத் துல்லியமான உரைநடைகளில் இவையும் அடங்கும்.

அதே கோடையில், விக்டோரியா அரசியின் ஆட்சியின் வைரவிழா நாளான ஜூன் 22 அன்று, பெர்னேவல் பள்ளிச் சிறுவர்களுக்கு வைல்ட் ஒரு விருந்து வைத்தார். ஸ்ட்ராபெரிப் பழங்களும் பாலேடும் பரிமாறப்பட்டன. அரசியின் விழாவை வாழ்த்தும் எழுத்துகள் பொறித்த பெரிய கேக்கும் இருந்தது. தன் மகன்களை மீண்டும் பார்க்கும் நம்பிக்கை அப்போது அவருக்கு இருந்தது என்பதைக் கருத்தில் கொண்டால் இந்த விருந்தின் பொருள் விளங்கும். அந்த ஊரில்தான் ‘தி பேலட் ஆஃப் ரெடிங் கேல்’ கவிதையையும் அவர் தொடங்கினார். மனைவியைக் கொன்ற குற்றத்துக்காக 1896 ஜூலை 7 அன்று ரெடிங் சிறையில் தூக்கிலிடப்பட்ட சார்லஸ் தாமஸ் வூல்ட்ரிட்ஜ் என்ற குதிரைப்படை வீரரை நினைவுகூரும் கவிதை அது. 1898 பிப்ரவரியில் லியோனார்ட் ஸ்மிதர்ஸ் அதை வெளியிட்டபோது, ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சி.3.3.’ என்று சிறை அறை எண் மட்டும் இருந்தது. நூல் வேகமாக விற்று, அடுத்தடுத்துப் பதிப்புகள் கண்டது. 1899இல் வந்த ஏழாம் பதிப்பில்தான், அதுவும் அடைப்புக்குறிக்குள், வைல்டின் பெயர் அச்சேறியது.

எவரெட்டின் திரைக்கதை இந்தப் பகுதியை உரிய எடையுடன் எடுத்துக்கொள்ளவில்லை. பெர்னேவல் படத்தில் இருக்கிறது. ஆனால் டக்ளஸை மீண்டும் சந்திப்பதற்கு முந்தைய இடைவேளை போலவே வருகிறது. சிறைக் கொடுமைகளை நாட்டுக்கு எடுத்துச் சொன்ன குடிமகனையும், தன் கடைசிப் பெருங்கவிதையைச் செதுக்கிய கவிஞனையும் பார்வையாளர் உணரப் போதுமான காட்சிகள் இல்லை. எழுத்தாளரைப் பற்றிய படத்தில் எழுத்து பின்னால் தள்ளப்படுவது பெரிய குறை. வைல்ட் சிறைக்குப் பின் எதையுமே எழுதவில்லை, குடித்தும் அலைந்தும் அழிந்தார் என்ற பழைய கதையை மறுக்கச் சான்றுகள் கையிலிருந்தன. படம் அவற்றைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் இறுதியில் ரூவான் நகரில் வைல்டும் டக்ளஸும் சந்தித்தார்கள். செப்டம்பரில் இருவரும் நேப்பிள்ஸ் சென்று, போஸிலிப்போ குன்றுப் பகுதியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியேறினார்கள். நண்பர்கள் திகைத்தார்கள். குயின்ஸ்பெரியின் மகனோடு மீண்டும் சேர்வது எல்லா வாசல்களையும் மூடிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வைல்டுக்கும் தெரிந்திருந்தது. தனிமையையும் வெறுப்பையும் தாங்க முடியாமல், அன்பு இருக்கும் ஒரே இடத்துக்குப் போனதாக அவர் தன் கடிதங்களில் விளக்கினார். விளைவு உடனே வந்தது. கான்ஸ்டன்ஸ் அவருக்கு ஆண்டுக்கு 150 பவுண்டு கொடுத்து வந்தார். ஒழுக்கம் கெட்டவர்களுடன் பழகக் கூடாது என்பது அதன் நிபந்தனை. டக்ளஸ் அந்த வகையில் அடங்குவார் என்று வழக்கறிஞர்கள் முடிவு செய்தார்கள், தொகை நின்றது. மறுபக்கம் டக்ளஸின் தாயும் மகனுக்குத் தரும் பணத்தை நிறுத்தப்போவதாக எச்சரித்தார். டிசம்பரில் டக்ளஸ் பிரிந்து போனார். இனி இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழமாட்டார்கள் என்ற உறுதிமொழிக்கு ஈடாக, டக்ளஸின் தாயிடமிருந்து வைல்டுக்கு 200 பவுண்டு வந்தது. இரு குடும்பங்களும் பணப்பையைக் கொண்டு ஓர் உறவை முடித்துவைத்தன.

நேப்பிள்ஸ் காட்சிகளில் படம் ஒளி பெறுகிறது. ஒளிப்பதிவாளர் ஜான் கான்ராய் பாரிஸை இருட்டும் மெழுகுவெளிச்சமும் கலந்த பழுப்பில் காட்டுகிறார். இத்தாலியக் கடற்கரைக்கு வெயிலைத் தருகிறார். கோலின் மோர்கனின் டக்ளஸ் அழகும் இரக்கமின்மையும் ஒன்றாகக் குடிகொண்ட இளைஞன். பணம் தீரும்வரை உடனிருப்பது, தீர்ந்ததும் சினம் கொள்வது, பிறகு அழுவது என அந்த உறவின் சுழற்சியைப் படம் துல்லியமாகப் பிடிக்கிறது. எட்வின் தாமஸ் நடித்த ராபர்ட் ராஸ் இதற்கு நேரெதிர்: கேட்காமல் கொடுப்பவர், பார்க்கப்படாமல் காதலிப்பவர். படத்தின் முக்கோணம் இதுதான். டக்ளஸிடம் இரக்கம் குறைவாகவும் ராஸிடம் கூடுதலாகவும் இருக்கிறது என்று சொல்ல இடமுண்டு. டக்ளஸும் ஒரு கொடுந்தந்தையால் உருக்குலைந்தவர் என்பதைப் படம் அதிகம் நினைவில் வைக்கவில்லை.

கான்ஸ்டன்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1884இல் வைல்டை மணந்தவர். குழந்தைகளுக்கான கதைகள் எழுதியவர், பெண்களின் உடைச் சீர்திருத்த இயக்கத்தில் ஈடுபட்டவர். 1896 பிப்ரவரியில் வைல்டின் தாய் இறந்தபோது, அந்தச் செய்தியை ஊழியர் எவரும் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது என்று, தன் உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாமல் ஜெனோவாவிலிருந்து ரெடிங் சிறைக்குப் பயணம் செய்தவர். அதுவே அவர்களுடைய கடைசிச் சந்திப்பு. கால்களும் கைகளும் படிப்படியாகச் செயலிழந்த அவருடைய நோய் நீண்ட காலம் புரியாத புதிராக இருந்தது. 2015இல் பேரன் மெர்லின் ஹாலண்டும் மருத்துவ ஆய்வாளர் ஆஷ்லி ராபின்ஸும் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, அது நரம்புறை பாதிக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயாக இருக்கலாம் என்று காட்டியது. தவறான அறுவைச் சிகிச்சைக்குப் பின் 1898 ஏப்ரல் 7 அன்று ஜெனோவாவில் அவர் இறந்தார்.  நேப்பிள்ஸ் காலத்தில் நின்ற 150 பவுண்டு ஆண்டுத்தொகை, அவருடைய ஏற்பாட்டின்படி அவர் இறந்த பின்னும் வைல்டுக்குக் கிடைத்தது. 1899இல் வைல்ட் அந்தக் கல்லறைக்குப் போனபோது, அதில் தன் பெயர் எங்கும் இல்லாததைக் கண்டார். ‘ஆஸ்கார் வைல்டின் மனைவி’ என்ற சொற்கள் 1963இல்தான் சேர்க்கப்பட்டன.

படத்தில் கான்ஸ்டன்ஸாக நடிக்கும் எமிலி வாட்சன் சில காட்சிகளில் மட்டுமே வருகிறார். கணவனின் கடிதத்தைப் படிக்கையில் கோபமும் ஏக்கமும் அவர் முகத்தில் ஒன்றையொன்று வெல்ல முயல்கின்றன. நடிப்பு நிறைவானது, ஆனால் பாத்திரம் போதாது. இந்த வீழ்ச்சியில் எந்தக் குற்றமும் செய்யாமல் வீட்டையும் பெயரையும் நாட்டையும் இழந்தவர்கள் கான்ஸ்டன்ஸும் பிள்ளைகளும்தான். 1895க்குப் பிறகு மகன்கள் தந்தையைப் பார்க்கவேயில்லை. மூத்தவர் சிரில் முதல் உலகப்போரில் 1915இல் கொல்லப்பட்டார். இளையவர் விவியன் 1954இல் வெளியிட்ட நினைவுநூலே அந்தக் குழந்தைப் பருவத்தை உலகுக்குச் சொன்னது. மனைவியின் துயரம் கணவனின் குற்றவுணர்வாகவே திரையில் வடிகிறது. அவளுடையதாகத் தனித்து நிற்பதில்லை.

1898 பிப்ரவரியில் வைல்ட் பாரிஸுக்கு வந்தார். இடையில் ரிவியேரா, சுவிட்சர்லாந்து, சிசிலி, ரோம் என்று பயணங்கள் இருந்தாலும், இறுதிவரை அவருடைய ஊர் பாரிஸ்தான். போசார் தெருவின் 13ஆம் எண்ணிலிருந்த அல்சாஸ் விடுதி அவர் கடைசி முகவரி. உரிமையாளர் துப்பொரியே வாடகைப் பாக்கியைப் பொறுத்துக்கொண்டவர். பணத்துக்காக வைல்ட் செய்தவை சிலவேளை நேர்மையற்றவையாகவும் இருந்தன. ஒரு நாடகத்தின் கதைச் சுருக்கத்தை ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்கு என்று பலரிடம் விற்றார். எழுத்தாளர் ஃப்ராங்க் ஹாரிஸ் அதை விரித்து எழுதி 1900 அக்டோபரில் ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் டேவென்ட்ரி’ என்ற பெயரில் மேடையேற்றியபோது, முன்பணம் கொடுத்த மற்றவர்கள் ஹாரிஸிடம் வந்து கேட்டார்கள். தெருவில் தெரிந்த முகங்களிடம் வைல்ட் பணம் கேட்டதுண்டு. ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பா அப்படி ஒரு சந்திப்பைத் தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். படத்தின் தொடக்கத்தில், அவரை அடையாளம் கண்டு நெருங்கும் ஓர் ஆங்கிலப் பெண்மணியிடம் வைல்ட் பணம் கேட்பதும், கணவன் வந்து அவரை மிரட்டுவதும் இந்த வகையிலான பல உண்மைச் சந்திப்புகளின் சாரம்.

படத்தின் கட்டமைப்பு 1888இல் வெளியான சிறார் கதைத் தொகுப்பின் தலைப்புக் கதையிலிருந்து வருகிறது. தங்கத் தகடும் நீலக்கல் கண்களும் கொண்ட ஓர் இளவரசன் சிலை, ஒரு தகைவிலான் குருவியின் துணையால் தன் உடலிலுள்ள அனைத்தையும் நகரத்து ஏழைகளுக்குப் பிய்த்துக் கொடுக்கிறது. குருவி குளிரில் இறக்கிறது. அழகிழந்த சிலையை நகரத்தார் உருக்குகிறார்கள். படத்தில் வைல்ட் இக்கதையை முன்பு தன் மகன்களுக்குப் படுக்கையறையில் சொல்கிறார். பின்பு பாரிஸில் உடலை விற்றுப் பிழைக்கும் ஓர் இளைஞனுக்கும் அவன் தம்பிக்கும் சொல்கிறார். இழந்த தந்தைமையை இந்த இணைப்பு எந்த விளக்கமும் இன்றிச் சொல்லிவிடுகிறது. அதே சமயம் ஒரு சிக்கலும் எழுகிறது. வைல்டை எல்லாம் கொடுத்து அழிந்த இளவரசனாகவே பார்க்கத் தூண்டும்போது, அவர் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டவையும், வறிய இளைஞர்களுடனான உறவுகளில் பணத்துக்கும் வர்க்கத்துக்கும் இருந்த பங்கும் மங்கிப்போகின்றன. எவரெட் இதை அறியாதவரல்ல. அவருடைய வைல்ட் தற்பெருமையும் சுயநலமும் உடையவராகவே இருக்கிறார். ஆனால் சிலுவைப்பாட்டின் சாயல் படம் முழுதும் படர்ந்து, கேள்விகளை மென்மையாக்குகிறது.

1900 அக்டோபர் 10 அன்று விடுதி அறையிலேயே வைல்டின் காதில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வாண்ட்ஸ்வொர்த் சிறையின் வழிபாட்டுக் கூடத்தில் மயங்கி விழுந்தபோது அடிபட்ட காது அது. தொற்று மூளையுறைக்குப் பரவியது. ரிச்சர்ட் எல்மன் 1987இல் வெளிவந்த புகழ்பெற்ற வரலாற்று நூலில் சிஃபிலிஸ் நோயே மரணத்துக்கு அடிப்படை என்று வாதிட்டார். வைல்டின் நூற்றாண்டு நினைவையொட்டி 2000இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு அதை மறுத்து, நாட்பட்ட காது நோயே காரணம் என்றது. சிறை வைல்டைக் கொன்றது என்பது உருவகமாக மட்டுமல்லாமல் மருத்துவப் பொருளிலும் உண்மையாக இருக்கலாம். நவம்பர் 29 அன்று ராஸ் அழைத்துவந்த கத்பர்ட் டன் என்ற பாதிரியார், பேச முடியாத நிலையிலிருந்த வைல்டைக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்தார். மறுநாள் அவர் இறந்தார். வயது 46. டாம் வில்கின்சன் ஏற்ற பாதிரியார் வேடம் சில நிமிடங்களே நீடித்தாலும், மரணத்தின் அருகே படத்துக்கு ஒரு நிதானத்தைக் கொடுக்கிறது. ரெஜி டர்னராக வரும் கோலின் ஃபர்த்தும் அப்படியே. எவரெட்டும் அவரும் 1984இல் ‘அனதர் கண்ட்ரி’ படத்தில் இணைந்து நடித்தவர்கள். அவர் நடிக்க ஒப்புக்கொண்டது படத்துக்கு நிதி திரட்ட உதவியதாக எவரெட் பலமுறை கூறியிருக்கிறார்.

கல்லறையருகே ராஸும் டக்ளஸும் மோதிக்கொள்ளும் காட்சி பின்னாளில் நடந்தவற்றின் முன்னறிவிப்பு. வைல்டின் இலக்கியப் பொறுப்பாளரான ராஸ் கடன்களை அடைத்தார், நூல்களை மீட்டார், 1905இல் ‘டி ப்ரொஃபண்டிஸ்’ சுருக்கப் பதிப்பை வெளியிட்டார். 1909இல் உடலை பானியோ இடுகாட்டிலிருந்து பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறைக்கு மாற்றினார். டக்ளஸோ 1913இல் ஆர்தர் ரான்சம் என்ற எழுத்தாளர்மீது அவதூறு வழக்குத் தொடுத்து, தன்னைச் சாடும் கடிதப் பகுதிகள் நீதிமன்றத்தில் வாசிக்கப்படக் கேட்டு, வழக்கிலும் தோற்றார். ராஸின் அஸ்தி 1950இல் வைல்டின் கல்லறையில் வைக்கப்பட்டது.

எவரெட் இந்தப் படத்துக்காகப் பத்தாண்டுக்கு மேல் உழைத்தார். வைல்டின் நாடகங்களிலிருந்து எடுக்கப்பட்ட ‘ஆன் ஐடியல் ஹஸ்பெண்ட்’ (1999), ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னெஸ்ட்’ (2002) ஆகிய படங்களில் நடித்தவர் அவர். 2012இல் டேவிட் ஹேரின் ‘தி ஜூடஸ் கிஸ்’ நாடகத்தில் வைல்டாகவே மேடையேறினார். 2016இல், மூடப்பட்ட ரெடிங் சிறைக்குள் நடந்த நிகழ்வில் ‘டி ப்ரொஃபண்டிஸ்’ நூலை வாசித்தார். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்தது ஹாலிவுட்டில் தனக்குக் கிடைக்க வேண்டிய முதன்மைப் பாத்திரங்களைத் தடுத்தது என்று அவர் நேர்காணல்களில் கூறியிருக்கிறார். திரையில் ஊதிய கன்னமும் சாயம் பூசிய உதடுமாக, குடிவிடுதி மேசைமீது ஏறி மியூசிக் ஹால் பாட்டுப் பாடும் வைல்டிடம் தெரியும் வலியில் நடிகரின் சொந்த அனுபவமும் சேர்ந்திருக்கிறது. படத்தின் அதீத உணர்ச்சியை ஏற்கச் செய்வதும் அந்த நேர்மைதான். வைல்டின் இறுதி ஆண்டுகளுக்கு முழுமையான வரலாறாக இப்படத்தைக் கொள்ள முடியாது. அந்த ஆண்டுகளின் அவமானத்தையும் பணமுடையையும் தனிமையையும் இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய வேறொரு படம் இல்லை.

லபூஷேர் பிரிவு குற்றமாக்கிய செயல்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967 சட்டத்தால் ஓரளவு குற்றமற்றவை ஆயின. 2017 ஜனவரியில் வந்த சட்டம், இத்தகைய பழைய குற்றத்தீர்ப்புகளுக்கு ஆளாகி இறந்துபோன ஆயிரக்கணக்கானவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது; படத்தின் இறுதி எழுத்துகள் அதைக் குறிப்பிடுகின்றன. இத்தகைய உறவைக் குற்றமாக்கிய இந்தியாவின் 377ஆம் பிரிவு லபூஷேருக்கு முந்தையது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் பிறந்தது. படம் லண்டனில் வெளியாகி மூன்று மாதம் முடியுமுன், 2018 செப்டம்பர் 6 அன்று, உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் இசைவான உறவுக்கு அப்பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நீதிபதி ரோகிண்டன் நாரிமன் தன் தீர்ப்புரையை, வைல்ட் வழக்கில் விவாதிக்கப்பட்ட டக்ளஸின் கவிதையைக் குறிப்பிட்டுத் தொடங்கினார். லபூஷேரின் வாசகத்தை ஏறத்தாழ அப்படியே ஏற்ற சிங்கப்பூரின் 377ஏ பிரிவு 1938இல் இயற்றப்பட்டது. 2022 நவம்பரில் நாடாளுமன்றம் அதை நீக்கியது. அதே ‘கடும் ஒழுக்கக்கேடு’ என்ற குற்றத்தை இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 365ஏ பிரிவும் வைத்திருக்கிறது. அதை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் கூறியது. பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை.